விஎம் திரும்பி வரும், அதோட சொந்தபந்தம் திரும்பி வருமா?



எந்த காலேஜ் லேப்புக்குப் போய்க் கேட்டாலும் "பேக்கப் இருக்கா?" என்ற கேள்விக்கு "ஓ, இருக்கே!" என்று உடனே பதில் வந்துவிடும். "அதை ஒரு தடவையாவது ரிஸ்டோர் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டால்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

ஏன் இப்போ? ஃபைனல் இயர் நாங்க இன்னும் கொஞ்ச நாள்ல கிளம்பிடுவோம். ப்ராஜெக்ட் விஎம்கள், லேப் டெம்ப்ளேட்கள் எல்லாம் தேர்ட் இயர் கைக்கு வரும். செகண்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி சர்வர் டிஸ்க் போச்சுன்னா, ஒரு முழு பேட்சோட உழைப்பு அந்த பேக்கப் ஃபைலை நம்பித்தான் நிற்கும். அதுக்குள்ள என்ன இருக்கு, என்ன இல்ல, திரும்பக் கொண்டு வரும்போது எது உடையும் என்பதை அன்னைக்கு ராத்திரி கத்துக்க நேரம் இருக்காது. இன்னைக்கே கத்துக்குவோம்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். ரிஸ்டோர் பண்ணும்போது டேட்டா திரும்பி வருவது பாதி வேலைதான். ஒரு விஎம்முக்கு டெம்ப்ளேட்டோடு ஒரு உறவு இருக்கு, நெட்வொர்க்கோடு ஒரு உறவு இருக்கு, பேக்கப் அட்டவணையோடு ஒரு உறவு இருக்கு. இந்த உறவுகள் பெரும்பாலும் பேக்கப் ஃபைலுக்குள் இருக்காது. அதை நாமதான் திரும்பக் கட்டணும்.

உதாரணங்களுக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ என்ற மென்பொருளை எடுத்துக்கிறேன். ஆஸ்திரியாவின் வியன்னாவில் உருவாகி, 2008-ல் முதல் பதிப்பு வந்தது. டெபியன் லினக்ஸ் மேலே கேவிஎம்மை வைத்து ஓடுகிறது. ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸ் காசு கட்டாமலே பயன்படுத்தலாம். வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்தாலும் போட்டுப் பழகலாம். மற்ற மென்பொருட்களில் பட்டன் பெயர் மாறும், கருத்து பெரும்பாலும் இதேதான்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்குவோம்

விஎம் என்றால் சாஃப்ட்வேருக்குள் ஓடும் கம்ப்யூட்டர். அதுக்கு ரெண்டு பாகம். ஒண்ணு, அதோட டிஸ்க். இன்னொண்ணு, "ரேம் எவ்வளவு, எத்தனை கோர், எந்த நெட்வொர்க்" என்று எழுதி வைத்திருக்கும் சின்ன கான்ஃபிக் ஃபைல்.

டெம்ப்ளேட் என்பது முறுக்கு அச்சு மாதிரி. உபுண்டு போட்டு, ஜாவா, பைதான், மைஎஸ்க்யூஎல் எல்லாம் ஏற்றி, "இதுதான் நம்ம லேப் மெஷின்" என்று முடிவு செய்த பிறகு அந்த விஎம்மை டெம்ப்ளேட்டாக மாற்றுகிறோம். அதற்குப் பிறகு அதை ஸ்டார்ட் பண்ண முடியாது. டிஸ்க் ரீட் ஒன்லி ஆகிவிடும். அதிலிருந்து குளோன் மட்டும் எடுக்கலாம்.

குளோன் இரண்டு வகை. ஃபுல் குளோன் என்பது சீனியர் நோட்ஸை முழுசா ஜெராக்ஸ் போட்டுக்கிற மாதிரி. மூலம் தொலைந்தாலும் உங்க காப்பி உங்ககிட்ட இருக்கும். லிங்க்டு குளோன் வேற மாதிரி. மூல நோட்ஸ் ஒண்ணே ஒண்ணுதான். ஆளாளுக்கு அதில் செய்ய வேண்டிய திருத்தத்தை மட்டும் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். இடம் ரொம்ப மிச்சம். ஆனா மூல நோட்ஸ் போச்சுன்னா, திருத்தத் தாளை மட்டும் வச்சுகிட்டு பரீட்சை எழுத முடியாது.

அடுத்து, பேக்கப் மாதிரியே தெரிந்தாலும் பேக்கப் ஆகாத இரண்டு விஷயங்கள். ஸ்னாப்ஷாட் அதே ஸ்டோரேஜில்தான் உட்கார்ந்திருக்கும். "இந்த அப்டேட் போடுறதுக்கு முன்னாடி இருந்த நிலைக்குப் போகணும்" என்றால் உதவும். டிஸ்க் செத்தால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போகும். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று தாங்குவதற்கு. நீங்க தப்பான ஃபோல்டரை டெலிட் பண்ணினால், ரெய்டு அந்த டெலிட்டை எல்லா டிஸ்கிலும் உண்மையா செஞ்சு முடிக்கும். பேக்கப் என்றால் வேறொரு இடத்தில், வேறொரு நேரத்து நிலையில் இருக்கும் தனி காப்பி.

பேக்கப் ஃபைலுக்குள் என்ன இருக்கு?

ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் எடுக்கும்போது விஎம்மின் கான்ஃபிக், டிஸ்க் டேட்டா இரண்டையும் ஒரே ஃபைலாகக் கட்டி வைக்கும். ஃபைல் பெயரிலேயே விஎம் நம்பரும் தேதியும் நேரமும் இருக்கும். பெயரை மாற்றாதீங்க. "ஃபைனல் பேக்கப் புதுசு 2" என்று பெயர் வைத்தால் நமக்குப் புரியும், சாஃப்ட்வேருக்குப் புரியாது.

உள்ளே இல்லாதவை எவை? இதுதான் முக்கியம்.

ஒன்று, ஸ்னாப்ஷாட்கள். ஒரு விஎம்மில் 5 ஸ்னாப்ஷாட் வைத்திருந்தாலும் பேக்கப்பில் இப்போதைய நிலை மட்டும்தான் போகும். ரிஸ்டோர் செய்த விஎம்மில் பழைய ஸ்னாப்ஷாட் எதுவும் இருக்காது.

இரண்டு, ரேமில் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை பேக்கப் எடுத்தால், அந்த நொடியில் பவர் ஒயரைப் பிடுங்கினால் டிஸ்க் எப்படி இருக்குமோ அப்படித்தான் கிடைக்கும். இதைக் கொஞ்சம் சரிசெய்ய விஎம்முக்குள் கெஸ்ட் ஏஜென்ட் என்ற சின்ன மென்பொருளைப் போட்டு வைக்கணும். பேக்கப் தொடங்கும்போது அது ஃபைல் சிஸ்டத்தை ஒரு கணம் நிறுத்தி, எழுத வேண்டியதை எழுதி முடிக்கும். டேட்டாபேஸ் இருந்தால் அதற்குத் தனியாக டம்ப் எடுத்து வைப்பது இன்னும் பாதுகாப்பு.

மூன்று, நீங்களே விலக்கிய டிஸ்க். ஒவ்வொரு டிஸ்கின் செட்டிங்கிலும் 'பேக்கப்' என்று ஒரு டிக் இருக்கும். "டேட்டாசெட் டிஸ்க் பெரிசு, பேக்கப் லேட் ஆகுது" என்று போன வருஷம் யாரோ அந்த டிக்கை எடுத்திருக்கலாம். பேக்கப் தினமும் பச்சையாக "ஓகே" என்று காட்டும். டேட்டாசெட் மட்டும் அதில் இருக்காது.

நான்கு, விஎம்முக்கு வெளியே இருக்கும் ஏற்பாடுகள். எந்த மாணவருக்கு எந்த விஎம்மில் அனுமதி, நெட்வொர்க் பிரிட்ஜ் எத்தனை, ஸ்டோரேஜ் பெயர் என்ன, எந்த நேரத்தில் பேக்கப் ஓடணும் என்பதெல்லாம் ஹோஸ்ட் சர்வரின் கான்ஃபிக். அதுக்குத் தனி காப்பி வேணும். சர்வரே போய்விட்டால், புது சர்வரில் விஎம் ரிஸ்டோர் ஆகும். ஆனா கான்ஃபிக்கில் எழுதியிருக்கும் இரண்டாவது பிரிட்ஜ் அங்கே இல்லை என்றால் ஸ்டார்ட் ஆகாது. சிடி டிரைவில் ஏதாவது ஐஎஸ்ஓ ஃபைலை மாட்டிவிட்டு மறந்திருந்தால், புது சர்வரில் அந்த ஐஎஸ்ஓ இல்லாத ஒரே காரணத்துக்காகவும் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். எர்ரரைப் பார்த்து பேக்கப்பே கெட்டுப்போச்சு என்று பயப்பட வேண்டாம். சிடி டிரைவைக் காலி பண்ணினால் போதும்.

ரிஸ்டோர் பட்டனை அழுத்தும் முன்

ப்ராக்ஸ்மாக்ஸில் ரிஸ்டோருக்கு இரண்டு வாசல் உண்டு. இரண்டும் ஒன்று போலத் தெரியும். விளைவு நேர் எதிர்.

முதல் வாசல்: இருக்கிற விஎம்மைத் திறந்து, அதிலுள்ள பேக்கப் பகுதிக்குப் போய் ரிஸ்டோர் கொடுப்பது. இது அதே விஎம் மேலேயே எழுதும். இப்போது அதில் இருக்கும் டேட்டா மொத்தமாக அழிந்துவிடும் என்று ஒரு எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் 'யெஸ்' கொடுத்தால், நேற்று இரவு பேக்கப்புக்கும் இப்போதைக்கும் நடுவில் செய்த வேலை போயிடும்.

இரண்டாவது வாசல்: ஸ்டோரேஜைத் திறந்து, அங்கே பேக்கப் பட்டியலில் இருந்து ஃபைலைத் தேர்ந்தெடுத்து, புது நம்பர் கொடுத்து ரிஸ்டோர் செய்வது. பழைய விஎம் அப்படியே இருக்கும், பக்கத்தில் ஒரு புது விஎம் உருவாகும்.

என் பரிந்துரை: எப்போதும் இரண்டாவது வாசல். "அதுதான் கெட்டுப்போச்சே, அதை வச்சு என்ன பண்ண?" என்று தோணும். கெட்டுப்போன விஎம்மில் கூட நேற்றைக்குப் பிறகு எழுதிய ரிப்போர்ட் ஃபைல் ஒன்று நல்லபடியாக இருக்கலாம். புது நம்பரில் கொண்டு வந்து, சரிபார்த்து, தேவையானதை எடுத்துக்கொண்ட பிறகு பழையதை அழிக்கலாம். இடம் இல்லாமல் மேலேயே எழுதித்தான் ஆகணும் என்றால், முதலில் அந்தக் கெட்டுப்போன விஎம்மையும் ஒரு பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்க.

ரிஸ்டோர் பெட்டியில் இன்னும் சில தேர்வுகள் இருக்கும். 'ஸ்டோரேஜ்' என்ற இடத்தில் டிஸ்க் எங்கே போகணும் என்று சொல்லலாம். 'யுனீக்' என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் விஎம்முக்குப் புது மேக் அட்ரஸ் கிடைக்கும். 'ஸ்டார்ட் ஆஃப்டர் ரிஸ்டோர்' என்ற டிக்கை விட்டுவிடுங்க. ரிஸ்டோர் முடிந்த உடனே ஸ்டார்ட் ஆக விடாமல், முதலில் நெட்வொர்க் கார்டு செட்டிங்கில் 'டிஸ்கனெக்ட்' டிக் போட்டுவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்து கன்சோலில் பாருங்க. ஏன் என்று கீழே சொல்றேன்.

ஒரு ஃபைல் மட்டும்தான் வேணும் என்றால் முழு விஎம்மையும் ரிஸ்டோர் பண்ணத் தேவையில்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்று தனி மென்பொருள் இருக்கு. அதில் பேக்கப் வைத்திருந்தால், உள்ளே நுழைந்து ஃபோல்டரைப் பார்த்து, வேண்டிய ஃபைலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதிலேயே 'லைவ் ரிஸ்டோர்' என்ற வசதியும் உண்டு. டேட்டா வந்துகொண்டிருக்கும்போதே விஎம் ஓட ஆரம்பித்துவிடும். கேட்க நல்லா இருக்கும். ஆனா நடுவில் ரிஸ்டோர் தோல்வி அடைந்தால், அந்த இடைவெளியில் விஎம்முக்குள் எழுதின எல்லாம் போயிடும். அவசரத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க.

டெம்ப்ளேட்டும் லிங்க்டு குளோனும்: ஒரு கணக்கு

இப்போது உறவுகள் கதைக்கு வருவோம். ஒரு லேப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டெம்ப்ளேட், அதில் 12 ஜிபி டேட்டா. அதிலிருந்து 30 மாணவர்களுக்கு 30 லிங்க்டு குளோன். ஒவ்வொருத்தரும் தங்கள் விஎம்மில் 1.5 ஜிபி அளவுக்கு மாற்றம் செய்திருக்கிறார்கள். மொத்தம் எவ்வளவு இடம்?

12 கூட்டல் 30 பெருக்கல் 1.5, அதாவது 57 ஜிபி. 256 ஜிபி எஸ்எஸ்டியில் சௌகரியமாக ஓடும்.

லிங்க்டு குளோன் டெம்ப்ளேட் இருக்கும் அதே ஸ்டோரேஜில்தான் இருக்க முடியும். அதனால் அந்த எஸ்எஸ்டி போனால் 31-ம் ஒண்ணாப் போகும். சரி, தினமும் பேக்கப் எடுத்திருக்கிறோம். புதுசா அதே 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு ரிஸ்டோர் ஆரம்பிக்கிறோம்.

இங்கேதான் சிக்கல். லிங்க்டு குளோனை பேக்கப் எடுக்கும்போது, திருத்தத் தாளை மட்டும் எடுப்பதில்லை. மூல நோட்ஸும் திருத்தமும் சேர்ந்த முழுப் புத்தகத்தையே எடுக்கிறது. பேக்கப்புக்கு அது நல்லது, டெம்ப்ளேட் இல்லாமலே ஒவ்வொரு விஎம்மும் தனியாக உயிரோடு வரும். ஆனால் ரிஸ்டோர் ஆனதும் அது லிங்க்டு குளோன் இல்லை, யாரையும் சாராத முழு விஎம். ஒவ்வொன்றும் 13.5 ஜிபி. 30 விஎம்முக்கு 405 ஜிபி, டெம்ப்ளேட் சேர்த்தால் 417 ஜிபி.

57 ஜிபியில் இருந்த லேப், திரும்பி வர 417 ஜிபி கேட்கிறது. 256 ஜிபியில் பாதி லேப் வந்ததும் "இடம் இல்லை" என்று நிற்கும். பேக்கப்பில் ஒரு பைட்டும் கெடவில்லை. தொலைந்தது டெம்ப்ளேட்டுக்கும் குளோனுக்கும் இருந்த உறவு.

டெம்ப்ளேட்டை ரிஸ்டோர் செய்தால் அது டெம்ப்ளேட்டாகவே திரும்பி வரும், அதில் பிரச்சினை இல்லை. ஆனா ரிஸ்டோர் ஆன 30 விஎம்மும் "எங்க அம்மா வந்துட்டாங்க" என்று தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது. அந்தப் பிணைப்பு ஸ்டோரேஜ் மட்டத்தில் இருந்தது, பெயரில் இல்லை.

அப்போ சரியான வழி என்ன? லேப் விஎம்களைப் பொறுத்தவரை, மெஷினையும் மாணவர் டேட்டாவையும் பிரித்துப் பாருங்க. டெம்ப்ளேட்டை மட்டும் ரிஸ்டோர் செய்யுங்க, 12 ஜிபிதான். அதிலிருந்து புதுசா 30 லிங்க்டு குளோன் எடுங்க. பிறகு ஒவ்வொருத்தருடைய ப்ராஜெக்ட் ஃபோல்டரையும் டேட்டாபேஸ் டம்ப்பையும் உள்ளே போடுங்க. இதுக்கு முன்னேற்பாடு வேணும். ப்ராஜெக்ட் ஃபோல்டர் எல்லா விஎம்மிலும் ஒரே இடத்தில் இருக்கணும், தினமும் தனியாகக் காப்பி ஆகணும், கோடு கிட்டில் இருக்கணும். இது மூன்றும் இருந்தால் லேப் மறுபடியும் 57 ஜிபிக்குள்ளேயே அடங்கும்.

ரிசர்ச் விஎம், டிபார்ட்மெண்ட் வெப்சைட் மாதிரி தனித்தன்மை உள்ள மெஷின்களுக்கு முழு விஎம் ரிஸ்டோர்தான் சரி. எந்த மெஷின் எந்த வகை என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் வேலையில் பாதி.

ஒரே முகத்தில் இரண்டு பேர்

நெட்வொர்க்கை டிஸ்கனெக்ட் செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன் இல்லையா? காரணம் இதுதான். பழைய விஎம் ஓடிக்கொண்டிருக்க, அதோட பேக்கப்பை வேறு நம்பரில் ரிஸ்டோர் செய்து ஸ்டார்ட் பண்ணினால், நெட்வொர்க்கில் ஒரே அடையாளத்தோடு இரண்டு மெஷின் நிற்கும். 'யுனீக்' டிக் போடவில்லை என்றால் மேக் அட்ரஸும் ஒன்று. விஎம்முக்குள் ஐபியைக் கையால் கொடுத்திருந்தால், 'யுனீக்' போட்டாலும் ஐபி ஒன்றேதான். ஒரு நிமிஷம் பழைய மெஷின் பதில் சொல்லும், அடுத்த நிமிஷம் புதுசு சொல்லும். மார்க் என்ட்ரி மாதிரி ஒரு அப்ளிகேஷன் அதில் ஓடினால், பாதி என்ட்ரி இங்கே, பாதி அங்கே என்று ஆகிவிடும்.

இன்னொரு ஒளிந்த அடையாளம் உண்டு. லினக்ஸில் ஈடிசி ஃபோல்டருக்குள் மெஷின் ஐடி என்று ஒரு ஃபைல் இருக்கும். உபுண்டு சர்வரில் டிஹெச்சிபி மூலம் ஐபி கேட்கும்போது, "நான் யார்" என்று சொல்ல மேக் அட்ரஸுக்குப் பதில் இந்த ஐடியிலிருந்து உருவான அடையாளம் போகும். டெம்ப்ளேட் செய்யும் முன் அந்த ஃபைலைக் காலி செய்யாமல் விட்டால், எல்லா குளோனுக்கும் ஒரே மெஷின் ஐடி. மேக் அட்ரஸ் வேறாக இருந்தும் இரண்டு மூன்று விஎம்முக்கு ஒரே ஐபி வரும். "ஐபி ஏன் இடிக்குது?" என்று மணிக்கணக்கில் தேட வைக்கும் பிரச்சினை இது. டெம்ப்ளேட்டாக மாற்றும் முன் அந்த ஃபைலைக் காலியாக்கி விடுங்க (ஃபைலையே டெலிட் செய்ய வேண்டாம்). அடுத்த பூட்டில் ஒவ்வொரு குளோனும் தனக்கென்று புது ஐடி உருவாக்கிக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீக்கும் இதே கதைதான். ஒவ்வொரு குளோனுக்கும் தனித்தனியாக இருக்கணும்.

விண்டோஸ் டொமைனில் சேர்ந்த மெஷின் என்றால் இன்னொரு பாடம். டொமைனுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு ரகசிய பாஸ்வேர்டு இருக்கு. வழக்கமாக 30 நாளுக்கு ஒரு தடவை தானாக மாறும். பல மாசம் பழைய பேக்கப்பை ரிஸ்டோர் செய்தால், மெஷினிடம் பழைய பாஸ்வேர்டு, டொமைனிடம் புதுசு. லாகின் பண்ணும்போது டொமைனோடு நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது என்ற அர்த்தத்தில் எர்ரர் வரும். லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு கையில் இருந்தால் மறுபடி சேர்த்துவிடலாம். அது யாருக்கும் தெரியாது என்றால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அடுத்த உறவு பேக்கப் அட்டவணையோடு. உங்க பேக்கப் ஜாபில் "101, 102, 103" என்று நம்பரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால், 102-ஐ 140 என்ற புது நம்பரில் ரிஸ்டோர் செய்து அதையே உபயோகிக்க ஆரம்பித்ததும், 140 அந்த ஜாபில் இருக்காது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கும் அந்த நாளிலிருந்துதான் அந்த மெஷினுக்கு பேக்கப்பே இல்லை. மாணவர்களுக்குக் கொடுத்த அனுமதியும் பழைய நம்பரோடு கட்டப்பட்டது, அதையும் புதுசாகக் கொடுக்கணும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

நேரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்க. 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறையில் நொடிக்கு சுமார் 110 எம்பி போகும் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரஷனைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், 405 ஜிபி வர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். பரவாயில்லை. ஆனா நடுவில் ஒரு பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் உட்கார்ந்திருந்தால்? நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி. அதே 405 ஜிபிக்கு 9 மணி நேரம். ராத்திரி 12 மணிக்கு ஆரம்பித்தால் காலை 9 மணிக்கு, ரிவ்யூ பேனல் உள்ளே வரும்போது முடியும். டெம்ப்ளேட் வழியில் போனால் அந்தப் பழைய ஸ்விட்சிலும் 12 ஜிபிக்கு 16 நிமிஷம்தான், அதோடு மாணவர் ஃபோல்டர்கள்.

கம்பெனிகளில் இதற்கு இரண்டு அளவு வைத்திருக்கிறார்கள், இன்டர்வியூவிலும் கேட்பார்கள். ஆர்பிஓ: எவ்வளவு நேரத்து வேலையை இழந்தால் தாங்குவோம்? ராத்திரி ஒரு தடவை மட்டும் பேக்கப் என்றால், மோசமான நாளில் கிட்டத்தட்ட 24 மணி நேர வேலை போகும். ஆர்டிஓ: எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப ஓட வேண்டும்? முதலாவது பேக்கப் எத்தனை தடவை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டாவது, ரிஸ்டோர் பண்ணிப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

பெரிய இடத்திலும் நடந்தது

"இதெல்லாம் காலேஜ் லேப் பிரச்சினை, பெரிய கம்பெனியில் நடக்காது" என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் தளத்தில் நடந்ததை அந்த நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. டேட்டாபேஸ் பிரச்சினை ஒன்றை இரவில் சரிசெய்துகொண்டிருந்த இன்ஜினியர் ஒருவர், வேறு சர்வரில் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸ் சர்வரிலேயே டெலிட் கொடுத்துவிட்டார். உடனே நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டும் மிச்சம்.

பேக்கப் இருந்ததா? பல வகையில் ஏற்பாடு இருந்தது. தினசரி டம்ப், டேட்டாபேஸ் பதிப்பு 9.6-ஆக இருக்க 9.2 பதிப்பின் கருவியை வைத்து ஓடி, தோல்வி அடைந்துகொண்டே இருந்தது. பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. தோல்வி என்று சொல்லும் மெயில்கள் அனுப்பப்பட்டன, ஆனால் மெயில் சரிபார்ப்பு விதிகளில் மாட்டி நிராகரிக்கப்பட்டன, யாருக்கும் வந்து சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு சோதனை வேலைக்காக 6 மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட். அதை வைத்து மீட்டார்கள். அந்த 6 மணி நேர டேட்டாபேஸ் மாற்றங்கள் போனது போனதுதான். மீட்பு வேலையை யூட்யூபில் நேரலையாகக் காட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த டெலிட் இல்லை. டெலிட் யார் கையிலும் நடக்கும். ஓடாத பேக்கப்பை ஓடுகிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்ததுதான் விஷயம். ஒரே ஒரு தடவை ரிஸ்டோர் ஒத்திகை பார்த்திருந்தால் அந்தக் காலி இடம் கண்ணில் பட்டிருக்கும்.

பேக்கப் எங்கே இருக்கு என்பதும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டிடம் ஒன்று தீயில் எரிந்து போனது. சர்வரையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு இரண்டும் ஒன்றாகப் போயின. நம்ம அளவில் சொன்னால், சர்வர் மேலேயே செருகி வைத்த யுஎஸ்பி டிஸ்க் மட்டும் போதாது. ஒரு காப்பி இன்னொரு பிளாக்கில் இருக்கட்டும்.

ஒரு மதியத்தில் செய்யக்கூடிய ஒத்திகை

செமஸ்டருக்கு ஒரு தடவை, மாடல் லேப் ஆரம்பிக்கும் முன், லேப் இன்சார்ஜிடம் சொல்லிவிட்டு இதைச் செய்யுங்க.

1. பேக்கப் பட்டியலில் இருந்து ஏதாவது ஒரு விஎம்மை, சீட்டுக் குலுக்கி எடுங்க. பிடித்த விஎம்மை எடுத்தால் அது எப்போதும் நல்லாத்தான் வரும்.

2. ஸ்டோரேஜில் எவ்வளவு காலி இடம் இருக்கிறது, விஎம்முக்கு எவ்வளவு வேணும் என்று எழுதுங்க. லிங்க்டு குளோனாக இருந்தால் முழு அளவைக் கணக்கிடுங்க.

3. புது நம்பரில், 'யுனீக்' டிக்கோடு ரிஸ்டோர் செய்யுங்க. ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் இரண்டையும் குறியுங்க.

4. நெட்வொர்க்கை டிஸ்கனெக்ட் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்க. லாகின் ஆகிறதா? பாஸ்வேர்டு யாருக்காவது தெரிகிறதா?

5. பூட் ஆனால் மட்டும் போதாது. டேட்டாபேஸைத் திறந்து கடைசி என்ட்ரி எந்தத் தேதியில் இருக்கிறது என்று பாருங்க. எல்லா டிஸ்கும் இருக்கிறதா? பேக்கப் சர்வரில் 'வெரிஃபை' என்று ஒரு வசதி உண்டு. அது எழுதி வைத்த டேட்டா கெடாமல் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். உள்ளே இருக்கும் மைஎஸ்க்யூஎல் எழுந்து நிற்குமா என்று அதற்குத் தெரியாது.

6. டெம்ப்ளேட்டைத் தனியாக ஒரு தடவை ரிஸ்டோர் செய்து, அதிலிருந்து இரண்டு குளோன் எடுத்து, இரண்டுக்கும் வேறு வேறு மெஷின் ஐடியும் ஐபியும் வருகிறதா பாருங்க.

7. பேக்கப்பை என்க்ரிப்ட் செய்திருந்தால், அதன் கீ அந்த சர்வருக்கு வெளியே எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிங்க. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் அந்த பேக்கப் இருந்தும் பயனில்லை.

8. ஒத்திகைக்காக உருவாக்கிய விஎம்களை நம்பரை இரண்டு தடவை பார்த்துவிட்டு அழியுங்க.

இதன் முடிவை ஒரே பக்கத்தில் எழுதி, சர்வர் ரூமில் ஒரு காப்பி, டிபார்ட்மெண்ட் ஃபைலில் ஒரு காப்பி வையுங்க. தேதி, எந்த விஎம், எவ்வளவு நேரம், என்ன உடைந்தது, எப்படிச் சரிசெய்தோம். அடுத்த பேட்சுக்கு நாம கொடுக்கக்கூடிய நல்ல டாக்குமெண்ட் இதுதான். ரெக்கார்டு நோட்டில் அழகா வரைந்த ஃப்ளோசார்ட்டைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் உதவும்.

அடுத்த தடவை லேப்பில் யாராவது "அண்ணா, அக்கா, சர்வர் போச்சு" என்று ஓடி வரும்போது நாங்க இருக்க மாட்டோம். அந்த ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்ல, போன மாசம்தான் பண்ணிப் பாத்தோம், நாற்பது நிமிஷத்துல வந்துடும்" என்று சொல்ல ஒரு தேர்ட் இயர் மாணவரோ மாணவியோ அங்கே இருக்கணும். இந்த வாரம் ஒரு மதியம் ஃப்ரீ பீரியட் கிடைத்தால், முதல் சீட்டைக் குலுக்கி எடுங்க.